ரசாயன வாத்தியாரின் நாற்காலி

மணி,

உன் கடிதம் வந்து சில நாட்கள் ஆகிவிட்டன. உடனே பதில் போடாததற்கு என் கண்ணைக் காரணம் சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் அது முழு உண்மை இல்லை. சோம்பலும் இல்லை. அலுப்புதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அதற்குமேல் ஒரு வேலையும் செய்யத் தோன்றுவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்ல வேண்டியது ஒரு இன்லேண்டில் அடங்காது. அதனால் முழுத்தாள் எடுத்துக்கொண்டேன். எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்.

நீ எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். பம்பாயில் சாயம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று தன் ஆராய்ச்சிக்கூடத்தில் உனக்கு வேலை கொடுத்திருக்கிறது. நீ அதை வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறாய். இந்த ஏப்ரலோடு நான் ஓய்வு பெறுகிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது என் இடத்தில் ரசாயன ஆசிரியராக வந்து சேர்ந்துவிடுவாய். ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி. படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாளாளரும் ஒத்துக்கொண்டார். கடைசியில், 'நைனா, நான் முடிவு பண்ணிவிட்டேன், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்' என்று ஒரு வரி. ஒன்றும் சொல்லாதே என்றால் சும்மா இருக்கிற வாத்தியாரை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?

இந்த முடிவு உனக்குப் பொங்கல் லீவில் வந்தது என்று எனக்குத் தெரியும். லீவு முடிந்து நீ சென்னைக்கு பஸ் ஏறவேண்டிய அன்று, சொல்லிக்கொண்டு போகலாம் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்தாய். நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். காரத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு மறைகிற இடத்தைக் காட்டும் பாடம். ஜன்னலுக்கு வெளியே நீ நிற்பது எனக்குத் தெரியாது. சொட்டு விட்டுக்கொண்டே வந்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் வழக்கம்போல, "சார், இன்னும் இருக்குது சார்… இருக்குது… போச்சி சார்! கலரு போச்சி!" என்று கத்தினார்கள். நான் குழாயை மூடினேன். ஒரு வருடமாக நாங்கள் அப்படித்தான் பாடம் நடத்துகிறோம். அவர்கள் கண், என் கை. யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ஆனால் வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது நீ ராஜகிரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவன் நீ. அன்றைக்கு அதில் புதிதாக என்ன இருந்தது? உன் முகத்தை என்னிடமிருந்து மறைக்கத்தான் அந்தப் பக்கம் திரும்பினாய். கண்ணில் புரை விழுந்தவனுக்கு அதுகூடவா தெரியாது?

உன்னோடு சண்டை போட இதை எழுதவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை. நீ முதல் வருடம் பி.எஸ்ஸி. படித்தபோது நடந்த ஒன்றை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நம் வீட்டில் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்த கதைதான். ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அம்மா ஒரு பை நிறைய மல்லாட்டை வறுத்துக் கொடுப்பாள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, மணலில் வறுத்தது. அந்தக் கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நீ ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டாய். உனக்குக் கொடுத்தது பொட்டாசியம் உப்பு. பிளாட்டினம் கம்பியை அமிலத்தில் நனைத்து, உப்பைத் தொட்டு, சுடரில் காட்டினாய். மஞ்சள். மறுபடி காட்டினாய். மறுபடியும் மஞ்சள். தைரியமாக 'சோடியம்' என்று எழுதிக்கொடுத்தாய். பேராசிரியர் உன் பையைத் தட்டிப் பார்த்து, "எந்த ஊரு?" என்றாராம். "செஞ்சி சார்." "கடலையை வெளிய வச்சிட்டு, கைய கழுவிட்டு வா. சுடர்ல எரியறது ஒங்க ஊரு மல்லாட்ட உப்பு." வகுப்பே சிரித்தது என்று எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "என் மல்லாட்டையாலதான் புள்ளைக்கு மார்க்கு போச்சா?" என்று அன்று முழுவதும் முகம் வாடி இருந்தாள்.

கடுகளவு சோடியம் போதும், சுடர் முழுக்க மஞ்சளாகிவிடும். அதற்குப் பின்னால் பொட்டாசியத்தின் ஊதா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நீலக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எம்.எஸ்ஸி. படித்தவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியார் வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஏன் சொன்னேன் என்பது பின்னால் வரும்.

ரசாயனம் படித்தால் எங்கே போய்ச் சேரலாம் என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. நானும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. நான் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "கெமிஸ்டிரினா மருந்துக்கடை வெக்கிற படிப்பா தம்பி?" இல்லை என்றேன். "அப்ப இன்னாதான் செய்வ?" தேள் கொட்டியவர்களும், கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு வந்தவர்களும், மலையில் பொறுக்கிய மின்னுகிற கல்லைக் காட்டி "தங்கமா பாருங்க சார்" என்றவர்களும் எனக்கு என்ன வேலை என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். தங்கம் இல்லை என்று சொன்னால் என் படிப்பின் மேலேயே சந்தேகப்பட்டார்கள்.

என்னோடு படித்த சபாபதி சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட் ஆனான். கரும்பு வெட்டுகிற பருவத்தில் அவனைக் கட்டிய மனைவிகூடப் பார்க்க முடியாது. சாற்றை எடுத்துச் சோதித்து, சுண்ணாம்பு போட்டு, மறுபடி சோதித்து, இரவும் பகலும் ஒன்றாகிவிடும். பருவம் முடிந்தால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இனிப்பைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. கல்யாண வீட்டில் அவன் இலையில் வைத்த லட்டை நான்தான் எடுத்துச் சாப்பிடுவேன். இன்னொருவன் தோல் பதனிடும் தொழிற்சாலைக்குப் போனான். சில வருடத்தில் மூக்கு மரத்துவிட்டது. ரோஜாவுக்கும் அவனுக்கும் இனி சம்பந்தமில்லை என்று அவனே சொல்லிச் சிரிப்பான். மற்றொருவன் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீடுகளுக்கு நடக்கிறான். எங்கள் எல்லோரையும்விட நல்ல சட்டையும் ஷூவும் அவனுக்குத்தான். ஆனால் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்வான். இவர்களில் ஒருவன்கூட, படிக்கும்போது பேராசிரியர் சொன்ன மாதிரி எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் படிப்பில் பாதி, கண்ணாடிக் குடுவை கழுவுவது. மீதிப் பாதியில் முக்கால்வாசி, இன்னொருவர் செய்ததைச் சரியா என்று பார்ப்பது. இதெல்லாம் உன்னைப் பயமுறுத்துவதற்காக அல்ல. பம்பாய் என்றால் சொர்க்கம் என்று நான் நினைத்துக்கொண்டு பேசவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும். அங்கேயும் குடுவை கழுவுவாய். ஆறு மாதம் செய்த வேலை ஒரு சாயங்காலம் வீண் என்று தெரியும். மேலே இருக்கிறவன் உனக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாதவனாக இருப்பான். அவனையும் சார் என்றுதான் கூப்பிட வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் போ என்கிறேன்? சொல்கிறேன். சபாபதிக்கு வேலை கிடைத்த அதே ஆலையில் எனக்கும் கிடைத்தது. பெட்டி கட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் நைனா, உன் தாத்தா, சிங்கவரம் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கினேன். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் இல்லை என்று கூப்பிட்டார்கள். சும்மா இருப்பதற்கு இது மேல் என்று போனேன். நைனாவுக்கு ஒரே சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் "எம்புள்ள எனக்காவ வந்துட்டான்" என்று சொல்வார். அதைக் கேட்கும்போது எனக்கும் நெஞ்சு நிறையும். அடுத்த வருடம் அவர் போய்விட்டார். அதற்குள் ஆலையில் வேறு ஆள் வந்துவிட்டான். நாற்காலி பழகிவிட்டது. உன் அம்மா வந்தாள், நீ வந்தாய், தலை நரைத்தது.

என் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் புரிந்துகொள்ளாதே. ஒரு அலமாரியும் ஒரு ஸ்பிரிட் விளக்கும் வைத்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகளுக்கு நீரும் காற்றும் எதனால் ஆனவை என்று காட்டியிருக்கிறேன். ஹைட்ரஜன் 'டப்' என்று வெடிக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தை வருடா வருடம் பார்த்தேன். ஆனால் நான் இந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. அதுதான் இந்த அலுப்பின் வேர் என்று நினைக்கிறேன். விரும்பிச் செய்கிறவனுக்கும் களைப்பு வரும். தூங்கி எழுந்தால் அது போய்விடும். என்னுடையது தூங்கி எழுந்தும் இருக்கிறது. 'நீ போடா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று என் நைனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா? தெரியாது. அவர் சொல்லவில்லை. அவர் மேல் கோபம் இல்லை. வலியில் கிடந்தவருக்குப் பிள்ளை பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல். எனக்கும் அப்படித்தான் இருக்கும், மணி. நீ ஜூனில் வருகிறாய் என்று படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து எழுத மாட்டேன். அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு வரியாக. எல்லா வரியிலும் நான்தான் இருந்தேன். என் கண், என் ஓய்வு, என் தனிமை, அம்மாவின் முதுகுவலி. ஒரே மஞ்சள். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'அந்தக் கம்பெனியில் ஒளியைப் பிரித்துச் சாயத்தின் நிறத்தை அளக்கிற கருவி ஒன்று இருக்கிறதாம், புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன், அது கிடக்கட்டும்.' அது கிடக்கட்டும் என்று நீ எழுதிய இடத்தில் மை கொஞ்சம் தடித்திருக்கிறது. பேனாவை அங்கேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய்? நீ சின்ன வயதில் என் அலமாரித் திறவுகோலை எடுத்துக்கொண்டுபோய் மயில்துத்தத்தைக் கரைத்து, ஜன்னலோரம் வைத்துப் படிகம் வளர்த்தவன். ஒவ்வொரு நாளும் எழுந்ததும் பல் விளக்காமல் அதைத்தான் பார்ப்பாய். உன் நிறம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. மற்றதெல்லாம் என் மேல் உனக்கு இருக்கிற பிரியம். பிரியம் நல்லதுதான். ஆனால் அது பட்ட கையால் சோதனை செய்தால் விடை தப்பாகத்தான் வரும்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ தடுத்திருப்பாய். மறுநாள் காலை தாளாளரின் மல்லாட்டை மண்டிக்குப் போனேன். அவர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என் மகன் வரமாட்டான், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இன்னா சார் நீங்க! வரேன்னு எனக்கும்தான எழுதிக்கிறான்? ஊர்ல அவனவன் புள்ளைக்கி வேல குடுங்கன்னு காலைப் புடிக்கிறான். நீங்க கைக்கு வந்தத வேணாங்கிறீங்களே."

"அவன் என்னை நெனச்சி எழுதினது அது. வேலைய நெனச்சி எழுதல."

"வந்தா ஒங்களுக்குத்தான நல்லது?"

"எனக்கு நல்லதுதான். அதனாலதான் வேணாங்கிறேன்."

வயசாகிவிட்டால் வாத்தியார்களுக்கு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். அப்புறம், "வேற ஆளுக்கு நா எங்க போறது?" என்றார். அதற்கும் பதில் வைத்திருந்தேன். சிங்கவரத்துக் கமலாவை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். அம்மோனியா சீசாவை நேராக மூக்கில் வைத்து, கண்ணில் நீர் கொட்ட வெளியே ஓடியவள். அடுத்த நாள் அதே சீசாவைக் கையால் விசிறி மோந்து பார்க்க முதல் ஆளாக வந்து நின்றாள். இப்போது ரசாயனம் முடித்து, பி.டி.யும் முடித்து, வீட்டில் இருக்கிறாள். இந்த வேலை வேண்டும் என்று இரண்டு தடவை என்னிடம் வந்து கேட்டாள். நீ வந்துவிடுவாய் என்று பொங்கல் லீவிலிருந்தே எனக்குத் தோன்றியதால் அவளைப் பற்றித் தாளாளரிடம் சொல்லாமல் இருந்தேன். "பொம்பளப் புள்ள ஆசிட் பாட்டிலெல்லாம் புடிக்குமா சார்?" என்றார் தாளாளர். "என்னவிட நல்லா புடிக்கும். அதுக்குக் கண்ணு தெரியுது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நேற்று அவளுக்கு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். உத்தரவை எடுத்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்து, அலமாரித் திறவுகோலை எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். வேலையைக் கேட்டு வாங்குகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அப்போது பார்த்துக்கொண்டேன்.

ஆகவே நீ இங்கே வந்து உட்கார நாற்காலி காலியில்லை. கோபப்படுவாய். பட்டுக்கொள். கோபத்தில் எழுதும் கடிதத்தை எனக்குப் போடு, பம்பாய்க் கம்பெனிக்குப் போட்டுவிடாதே. என் கண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். கோடையில் உன் மாமன் திண்டிவனத்திலிருந்து வந்து என்னைப் பாண்டிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஆபரேஷன் செய்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். பம்பாய் போனபின் எந்தத் திரவத்தையும் வாயால் உறிஞ்சி அளக்காதே. என் முன்பல் இரண்டும் எப்படி இந்தக் கதிக்கு வந்தன என்று உனக்குத் தெரியும். எதிர்பார்த்த விடை வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் இன்னொரு தடவை செய்து பார். உன் குடுவையை நீயே கழுவு. ஊருக்கு வர வேண்டும் என்று தோன்றினால் லீவு போட்டுவிட்டு வா, வேலையை விட்டுவிட்டு வராதே.

உன் அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. தாளாளரைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன அன்று, "இன்னாத்துக்கு அவன தொரத்துற? வரேன்னுதான எழுதிக்கிறான்? பெத்தவளுக்கு அவன் மூஞ்சிய பாக்க வேணாமா?" என்று அழுதாள். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், உள்ளே போய்விடுவாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் அவள் கடைத்தெருவிலிருந்து வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக அடுப்பில் மணலைப் போட்டுச் சூடு ஏற்றினாள். மல்லாட்டை வறுபடும் வாசனை வாசல்வரைக்கும் வந்தது. நான் எழுந்து உள்ளே போனேன். முறத்தில் ஆறப்போட்டிருந்தாள். பம்பாய்க்கு அனுப்ப ஒரு துணிப்பையும் பக்கத்தில் இருந்தது. இரண்டை எடுத்து வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது.

"உப்பு போட மறந்துட்ட" என்றேன்.

"மறக்கல" என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "அவன் எங்க கைய கழுவப் போறான்?"

உன் நைனா